சோனோரன் பாலைவனத் தேரையை வீட்டில் வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூலை வந்தால் போதும், அரிசோனாவில் இருக்கும் தெரிந்தவர்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரி படமாக வரும். கொல்லைப்புற விளக்குக்குக் கீழே பெரிய பூரி அளவில் பச்சையாக ஒன்று சப்பென்று உட்கார்ந்திருக்கும். "இது என்ன? கடிக்குமா? பையன் வளர்க்கணும்னு அடம் பிடிக்கிறான்." அரிசோனாவின் டூசான் நகரில் பதினோரு வருஷமாக ஒன்றை வைத்திருப்பதால் எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன்.

இது தவளையா, தேரையா?

தேரை. சோனோரன் பாலைவனத் தேரை என்பது இப்போதைய பெயர், கொலராடோ ஆற்றுத் தேரை என்றும் சொல்வார்கள். அறிவியல் பெயர் இன்சிலியஸ் அல்வாரியஸ், பழைய புத்தகங்களில் பூஃபோ அல்வாரியஸ் என்று இருக்கும். தெற்கு அரிசோனா, நியூ மெக்சிகோவின் தென்மேற்கு மூலை, மெக்சிகோவில் சோனோரா, சினலோவா மாநிலங்கள், இவைதான் இதன் ஊர். முழுதாக வளர்ந்தது 19 செ.மீ. வரை போகும். நம் ஊர்த் தேரை மாதிரி உடம்பெல்லாம் சொரசொரப்பாக இருக்காது, தோல் வழவழப்பு. கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஒரு புடைப்பு, பின்னங்கால்களிலும் அதே மாதிரி கட்டிகள், வாயோரத்தில் வெள்ளையாக ஒரு மரு. அந்த வெள்ளை மருவைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம்.

பாலைவனத்தில் தேரை எப்படி உயிரோடு இருக்கிறது?

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளப்பவன் இருக்கிறான் என்று பாட்டி சொல்வாள் இல்லையா, அது கிட்டத்தட்ட இதற்குத்தான் பொருந்தும். வருஷத்தில் எட்டு ஒன்பது மாதம் இது மண்ணுக்குள் கிடக்கிறது. எலியோ வேறு ஏதாவது பிராணியோ தோண்டிய வளைக்குள் புகுந்து, வெயிலுக்கும் குளிருக்கும் எட்டாத ஆழத்தில், அசையாமல். டூசானில் வருஷம் முழுக்கப் பெய்யும் மழையே 280 மி.மீ. பக்கம்தான், அதில் பாதி ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் பருவமழையில் கொட்டிவிடும். தேரையின் வாழ்க்கை முழுவதும் அந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் நடந்தாக வேண்டும்: தின்பது, கொழுப்பது, ஜோடி சேர்வது, முட்டையிடுவது எல்லாம். ஒரு பெண் தேரை 8,000 முட்டை வரை இடும். தலைப்பிரட்டைகள் ஒரு மாதத்துக்குள் காலும் கையும் முளைத்துக் கரையேறிவிட வேண்டும், இல்லாவிட்டால் குட்டை வற்றிவிடும்.

தண்ணீர் விஷயம் இன்னும் வேடிக்கை. இது வாயால் தண்ணீர் குடிக்காது. அடிவயிற்றில் தொடைப் பக்கம் மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது, ஈரத்தில் உட்கார்ந்தால் அதன் வழியாக உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சியதில் ஒரு பகுதியைச் சிறுநீர்ப்பையில் சேர்த்துவைத்து, தேவைப்படும்போது திரும்ப உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும். நீங்கள் தேரையைத் தூக்கியவுடன் கையில் சர்ரென்று விடுகிறதே, அசிங்கம் என்று உதறுகிறீர்களே, அது அதன் சேமிப்புக் கணக்கு. வறண்ட நாளில் காட்டில் ஒரு தேரையை விளையாட்டாகத் தூக்கினால் அதன் தண்ணீரைத் தட்டிக் கொட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

சட்டப்படி வளர்க்கலாமா?

நீங்கள் எந்த மாநிலம் என்பதைப் பொறுத்தது. அரிசோனாவில் மாநில வனவிலங்கு, மீன்வளத் துறையின் உரிமம் வாங்கி, எண்ணிக்கை வரம்புக்குள் பிடித்து வைத்திருக்கலாம், பிடித்ததை விற்கக் கூடாது. வரம்பையும் விதியையும் துறை அவ்வப்போது மாற்றும், அதனால் என்னை நம்பாதீர்கள், அவர்கள் தளத்தில் அந்த வருஷத்து விதியைப் படியுங்கள். கலிபோர்னியாவில் இந்தத் தேரை காட்டில் அழிந்தே போய்விட்டதாகக் கருதுகிறார்கள், அங்கே வைத்திருப்பதே குற்றம். நியூ மெக்சிகோவில் அருகிவரும் உயிரினப் பட்டியலில் இருக்கிறது, பிடிக்கக் கூடாது.

எங்கள் வீட்டுத் தேரை வந்த கதையே இதுதான். கூட வேலை பார்த்த ஒருவர் கலிபோர்னியாவுக்கு வேலை மாறினார், தேரையை எல்லை தாண்டிக் கொண்டுபோக முடியாது, திரும்பக் காட்டில் விடவும் முடியாது. துறையில் கேட்டு, முறைப்படி எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். வந்த முதல் நாளே தண்ணீர்த் தட்டில் இறங்கி, வயிற்றைச் சரித்துக்கொண்டு, எங்கள் எல்லாரையும் கூலிக்கு வந்தவர்களைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்தது. அன்றிலிருந்து பெயர் பண்ணையார்.

தோட்டத்துக்கு வந்த தேரையைப் பிடித்து வளர்க்கலாமா?

உரிமம் இருந்தால் சட்டம் தடுக்காது, ஆனால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். காட்டில் வளர்ந்த பெரிய தேரை கண்ணாடித் தொட்டிக்குள் வந்தால் மூக்கைக் கண்ணாடியில் முட்டி முட்டிப் புண்ணாக்கிக்கொள்ளும், சில வாரங்களுக்குச் சாப்பிடாது, வயிற்றில் புழு இருக்கும். அதோடு மழைக்காலத்தில் நீங்கள் பார்க்கும் தேரை வெளியே வந்திருப்பதே தின்னவும் ஜோடி சேரவும்தான். அந்த நேரத்தில் தூக்கினால் அந்த வருஷத்துக் கணக்கே போச்சு.

உங்கள் தோட்டத்துக்குத் தானாக வருகிற தேரை ஏற்கெனவே உங்களுடையது மாதிரிதான், தொட்டியில் போட்டால்தான் சொந்தம் என்றில்லை. பூச்சிமருந்து அடிக்காமல் இருங்கள், வாசல் விளக்கை இரவு ஒன்பது வரை எரியவிடுங்கள், ஓரமாக இரண்டு கல்லைச் சாய்த்துவையுங்கள். விளக்குக்கு வரும் வண்டுக்காக அது தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே இடத்தில் வந்து உட்காரும். தேளையும் தின்னும். அரிசோனாவில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு காரணம் போதாதா?

அப்படியும் உள்ளே வைத்துத்தான் வளர்க்க வேண்டும் என்றால், ஏற்கெனவே யாரோ வளர்த்துக் கைவிட நினைக்கும் தேரையைத் தேடுங்கள். ஊர்வன, தவளை வளர்ப்பவர்கள் குழுக்களில் விசாரித்தால் வருஷத்துக்கு ஒன்றிரண்டாவது இப்படி வரும்.

தொட்டால் விஷமா?

காயமில்லாத கையால் வெறுமனே தொட்டால் ஒன்றும் ஆகாது. விஷம் அந்தப் புடைப்புகளில், அதாவது கண்ணுக்குப் பின்னாலும் பின்னங்காலிலும் இருக்கும் சுரப்பிகளில் இருக்கிறது. பயந்தாலோ அழுத்தினாலோ பால் மாதிரி வெள்ளையாகக் கசியும். அது கண்ணிலோ வாயிலோ வெட்டுக்காயத்திலோ படக் கூடாது. ரக்கூன்கள் இதைக் கண்டுபிடித்துவைத்திருக்கின்றன என்று சொல்வார்கள்: பின்னங்காலைப் பிடித்து இழுத்து, மல்லாக்கப் புரட்டிப் போட்டு, விஷம் இல்லாத வயிற்றுப் பக்கமிருந்து தின்னுமாம்.

உங்களால் அதற்கு வரும் ஆபத்துதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அதன் தோல் எதையும் உறிஞ்சும். கையில் சோப்பு மிச்சம், சன்ஸ்கிரீன், கொசுவிரட்டி, ஏன், காலையில் தடவிய தேங்காயெண்ணெய்கூடப் போகலாம். தூக்குவதற்கு முன்னால் வெறும் தண்ணீரில் கையை நன்றாக அலசுங்கள், அல்லது பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறையை நனைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். தூக்கிய பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நான் தொட்டியைச் சுத்தம் செய்யும் நாள் தவிரத் தூக்குவதே இல்லை.

நக்கினால் போதை வருமாமே?

இந்தக் கேள்வி இல்லாமல் ஒரு விருந்து முடிந்ததில்லை. இந்தத் தேரையின் விஷத்தில் 5-மெத்தாக்ஸி-டிஎம்டி என்ற பொருள் இருக்கிறது, 1967-இல் இத்தாலிய அறிவியலாளர் எர்ஸ்பாமரும் கூட்டாளிகளும் கண்டுபிடித்து எழுதினார்கள். அமெரிக்காவில் 2011 முதல் அது முதல் அட்டவணைப் போதைப்பொருள், வைத்திருந்தால் ஜெயில். அதே விஷத்தில் இதயத்தைத் தாக்கும் நச்சும் கலந்திருக்கிறது, நக்குகிறவர்களுக்கு அதுதான் முதலில் வேலை செய்யும். 2022-இல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையே "தயவுசெய்து தேரையை நக்காதீர்கள்" என்ற பொருளில் முகநூலில் எழுதவேண்டி வந்தது. அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஓர் ஆளை வைத்து எழுதவைத்த வாக்கியம் அது, நினைத்துப் பாருங்கள்.

சிரிப்பாக இருந்தாலும் விளைவு சிரிப்பில்லை. இந்தப் போதைக்காகவே தேரைகளைச் சாக்கு சாக்காகப் பிடித்துப் பிழிகிறார்கள். அந்த வேதிப்பொருளைத் தேரையே இல்லாமல் ஆய்வுக்கூடத்தில் செய்யலாம், அப்படியிருந்தும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இது மனுஷன் வாயால் கெடுகிறது. யாராவது உங்களிடம் ரொம்ப ஆர்வமாகத் "தேரை எங்கே கிடைக்கும்" என்று கேட்டால், வளர்க்கவா என்று ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நாய் இருக்கிறது. பிரச்சினையா?

பெரிய பிரச்சினை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நாய் தேரையைக் கவ்வினால் சில நிமிடத்துக்குள் எச்சில் நூல் நூலாக வடியும், நுரை தள்ளும், முன்னங்காலால் வாயைத் தேய்த்துக்கொள்ளும், ஈறு சிவந்துவிடும், கால் தள்ளாடும். அதற்கு மேல் போனால் வலிப்பு, காய்ச்சல், இதயத்துடிப்புத் தாறுமாறு, சாவு. சின்ன நாய்க்கு நேரம் இன்னும் குறைவு. உடனே தோட்டத்துக் குழாயை எடுத்து, தண்ணீரை மெதுவாக விட்டு, நாயின் தலையைக் கீழே சாய்த்து, வாயின் பக்கவாட்டிலிருந்து முன்பக்கமாக வெளியே வழிகிற மாதிரி அலசுங்கள். தொண்டைக்குள் பீய்ச்சாதீர்கள், விஷம் உள்ளே போகும், தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் துடையுங்கள். அலசிக்கொண்டே வீட்டில் இன்னொருவரை இரவுநேரக் கால்நடை மருத்துவமனைக்கு போன் போடச் சொல்லுங்கள். "சரியாயிடுச்சு போல" என்று காத்திருக்க வேண்டாம்.

எங்கள் தெருவில் ஒரு நாய் தேரையைக் கவ்வவேயில்லை, ஆனாலும் எச்சில் வடிந்தது. வெளியே வைத்த அதன் தண்ணீர்க் கிண்ணத்தில் ராத்திரி தேரை ஒன்று உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து மழைக்காலத்தில் பொழுது சாய்ந்ததும் கிண்ணத்தை உள்ளே எடுத்துவிடுகிறார்கள். நீங்களும் எடுத்துவிடுங்கள். வீட்டுக்குள் தேரை வளர்ப்பவர்கள் தொட்டிக்குப் பூட்டு வைக்கிற மூடி போடுங்கள்.

தொட்டி எவ்வளவு பெரிது, மண் என்ன போடுவது?

ஒரு தேரைக்கு நான் 40 கேலன் தொட்டிக்குக் குறைவாகச் சொல்ல மாட்டேன், அதாவது 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம். உயரம் முக்கியமில்லை, தரைதான் முக்கியம், ஏனென்றால் இதன் வாழ்க்கையே தரைக்குக் கீழே. மண் குறைந்தது 15 செ.மீ. ஆழம் வேண்டும். உரம் கலக்காத தோட்டமண்ணும் தேங்காய் நார்த்தூளும் பாதிப் பாதி, அதில் கொஞ்சம் மணல். பாலைவனத் தேரைதானே என்று வெறும் மணலைக் கொட்டுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. காட்டில் அது படுத்திருக்கும் ஆழத்தில் ஈரம் இருக்கிறது. ஒரு மூலையில் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் அடிமண் ஈரமாகவும் மேல்மண் உலர்ந்தும் இருக்கும், மறுபக்கத்தை உலர விடுங்கள். எங்கே படுப்பது என்று அதுவே முடிவுசெய்துகொள்ளும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது, புட்டுமாவு பதம் என்றால் வீட்டில் எல்லாருக்கும் புரிகிறது.

இதில் நானும் அடிபட்டேன். ஆரம்பத்தில் ஒரு செல்லப்பிராணிக் கடையில் "பாலைவனப் பிராணிக்கென்றே வருவது, முழுங்கினாலும் கரைந்துவிடும்" என்று சொல்லிக் கால்சியம் மணல் ஒரு மூட்டை தலையில் கட்டினார்கள். பண்ணையார் பூச்சியோடு சேர்த்து அதையும் வாரி முழுங்கினார். ஒன்பது நாள் மலம் இல்லை, வயிறு கல் மாதிரி. தவளை பார்க்கும் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டியபோது குடலில் வெள்ளையாக ஒரு கட்டி. தினம் இரண்டு வேளை வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைத்து, கடைசியில் எப்படியோ வெளியே வந்தது. மூட்டையில் மிச்சமிருந்ததைக் குப்பையில் போட்டேன். கூழாங்கல், வால்நட் ஓட்டுத்தூள் இதெல்லாமும் அதே ஆபத்துதான்.

அப்புறம் ஒளிந்துகொள்ள ஒரு இடம். பாதியாக உடைத்த மண்சட்டியைக் கவிழ்த்துவைத்தால் போதும், கடையில் விற்கும் பிளாஸ்டிக் மண்டையோடு தேவையில்லை.

பாலைவனம்தானே, சூட்டு விளக்கு போடலாமா?

பகலில் தொட்டிக்குள் 24 முதல் 29 டிகிரி செல்சியஸ், இரவில் 18 அல்லது 20-க்கு இறங்கலாம். அவ்வளவுதான். வெளியே 42 டிகிரி அடிக்கும்போது காட்டுத் தேரை வெயிலில் நிற்பதில்லை, குளிர்ந்த வளையில் கிடக்கிறது. அதனால் பல்லிக்குப் போடும் சூட்டு விளக்கை இதற்குப் போட்டு வாட்டாதீர்கள். ஏசி ஓடும் வீட்டில் காற்று வறண்டுபோகும், அதைக் கவனியுங்கள். குறைந்த அளவு யுவிபி என்ற புறஊதாக் கதிர் வரும் குழல்விளக்கு பகலில் சில மணி நேரம் எரிந்தால் எலும்புக்கு நல்லது.

தண்ணீர்?

அது உட்கார்ந்தால் பாதி உடம்பு மூழ்கும் அளவுக்கு அகலமான, ஆழமில்லாத தட்டு. தினமும் மாற்ற வேண்டும், ஏனென்றால் குடிப்பதும் கழிப்பதும் அதிலேதான். குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி திறந்துவைத்தால் குளோரின் போய்விடும், ஆனால் கிருமியைக் கொல்லக் கலக்கும் இன்னொரு மருந்தான குளோரமின் போகாது. மீன்தொட்டிக்கு விற்கும் நீர்ச் சீராக்கி இரண்டு சொட்டு விட்டால் இரண்டும் தீர்ந்தது. காய்ச்சி வடித்த நீர் வேண்டாம், அதில் உப்புச்சத்தே இல்லை.

என்ன சாப்பிடும், எத்தனை நாளைக்கு ஒருமுறை?

வாய்க்குள் போகிற எதையும் சாப்பிடும், பிரச்சினையே அதுதான். காட்டில் வண்டு, சிலந்தி, தேள், பல்லி, சுண்டெலி, சின்னத் தேரைகளைக்கூட விடாது. வீட்டில் வெட்டுக்கிளி மாதிரியான கிரிக்கெட் பூச்சி, டூபியா கரப்பான், பெரிய மண்புழு, இவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். வளர்ந்த தேரைக்கு வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று தடவை, ஒரு தடவைக்கு ஐந்தாறு பூச்சி போதும். பூச்சிக்கு முதல் நாள் கேரட்டும் கீரையும் போட்டு வயிறு நிறையவைத்து, அப்புறம் கால்சியம் தூளில் புரட்டிப் போடுங்கள், விபூதி பூசினாற்போல் ஓடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வைட்டமின் தூள். வைட்டமின் ஏ குறைந்தால் நாக்கு சரியாக ஒட்டாமல் இரையைத் தவறவிட ஆரம்பிக்கும். குட்டி எலி கொடுக்கலாமா என்றால், எப்போதாவது ஒன்று. வாராவாரம் கொடுத்தால் கொழுத்துச் சாகும். தோட்டத்தில் தக்காளிச் செடியில் பிடித்த பச்சைப் புழு வேண்டவே வேண்டாம், செடியின் நஞ்சு அதன் வயிற்றில் இருக்கும். மருந்தடித்த தோட்டத்துப் பூச்சியும் அப்படித்தான்.

சாப்பிடும்போது ஒருமுறையாவது கிட்ட உட்கார்ந்து பாருங்கள். பூச்சி அசைந்ததும் உடம்பு முழுக்க உறைந்துபோகும், பின்னங்காலின் நீள விரல் மட்டும் தனியாகத் துடிக்கும், டக் டக் டக் என்று, பொறுமையில்லாத ஆள் மேசையில் தாளம் போடுவதுபோல். அடுத்த நொடி பூச்சி இருக்காது. முழுங்கும்போது இரண்டு கண்ணும் மண்டைக்குள் அமுங்கும், கண்விழிதான் உள்ளேயிருந்து இரையைத் தொண்டைக்குத் தள்ளுகிறது. முதல் தடவை பார்த்த என் மாமியார் அதற்குப் பிறகு அந்த அறைப் பக்கமே வரவில்லை.

பத்து நாளாக மண்ணுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. செத்துவிட்டதா?

அனேகமாக இல்லை. முதல் வருஷம் நானும் பதறி, கரண்டியால் தோண்டி எடுத்துப் பார்த்தேன். கண்ணைத் திறந்து பார்த்தது, என் கையில் சேமிப்பைக் காலி செய்தது, திரும்பப் புதைந்துகொண்டது. குளிர்காலத்தில் வீடு சூடாக இருந்தாலும் அதற்குள் ஏதோ ஒரு நாட்காட்டி ஓடுகிறது, நவம்பரிலிருந்து சாப்பாடும் நடமாட்டமும் குறையும். வலுக்கட்டாயமாகக் குளிரவைத்து உறங்கவைக்கவும் தேவையில்லை, எழுப்பவும் தேவையில்லை. அடிமண் ஈரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், தட்டில் தண்ணீர் இருக்கட்டும். மண் மேட்டில் இரண்டு கண் மட்டும் தெரிந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு: தொடையும் அடிவயிறும் ரத்தச் சிவப்பாக இருப்பது, உடம்பு தண்ணீர் கோத்து வீங்குவது, வெட்டவெளியில் பகலிலும் சுருண்டு கிடப்பது, தோல் அடுக்கடுக்காக உரிந்துகொண்டே இருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவர். நாய் பூனை மட்டும் பார்க்கிறவரிடம் போய்ப் பயனில்லை, தேரை வாங்குவதற்கு முன்னாலேயே தவளை பார்க்கும் மருத்துவர் யார் என்று விசாரித்துவையுங்கள்.

தன் தோலையே தின்கிறதே!

தின்னும். சில வாரத்துக்கு ஒருமுறை முதுகைக் கூனி, கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறந்து திறந்து மூடும், தோல் கண்ணாடிக் காகிதம் மாதிரி கழன்று வாயோரமாக உள்ளே போகும், கடைசியில் கையுறை கழற்றுவதுபோல் முன்னங்கையை இழுத்துவிடும். முடிந்ததும் எண்ணெய் தேய்த்துக் குளித்தவர் மாதிரி பளபளவென்று உட்காரும். சத்து வீணாகக் கூடாது என்ற கணக்கு.

துணைக்கு இன்னொரு பிராணியைப் போடலாமா?

சின்னதாக இருந்தால் இது தின்றுவிடும், பெரிதாக இருந்து இதைக் கடித்தால் அது செத்துவிடும். தனியாகவே இருக்கட்டும். அதற்குத் தனிமை என்று ஒரு துக்கம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஒரு மாதம் ஊருக்குப் போகிறோம். என்ன செய்வது?

நம்மாட்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி. நல்ல செய்தி, நாய் பூனையைவிட இது ரொம்பச் சுலபம். டிசம்பர் என்றால் இன்னும் சுலபம், அது பாதி நேரம் தூக்கத்தில்தான் இருக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை யாராவது வந்து தட்டுத் தண்ணீரை மாற்றி, வாரம் ஒருமுறை நாலு பூச்சி போட்டால் போதும். தண்ணீர் மாற்ற ஆள் இல்லாமல் மட்டும் போகாதீர்கள். பூச்சியைக் கண்டு அலறாத ஆள் கிடைப்பதுதான் கஷ்டம், எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் வருஷாவருஷம் ஒரு டப்பா முறுக்குக்கு இந்த வேலையைச் செய்கிறான். போகும்போது வீட்டு ஏசியை முழுதாக அணைத்துவிட்டுப் போகாதீர்கள், கோடையில் பூட்டிய வீடு அடுப்பாகிவிடும்.

அப்படியே ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் சாமி. 1935-இல் கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று ஆஸ்திரேலியாவில் கொண்டுபோய் விட்ட கரும்புத் தேரை என்ற வேறொரு தேரையின் வம்சத்தை அவர்கள் இன்னும் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றதா?

பார்க்க ஏற்றது, தூக்க ஏற்றதில்லை. கையை வாயிலும் கண்ணிலும் வைக்கிற வயசில் வேண்டாம். பத்து வயசுக்கு மேல் என்றால் பூச்சி போடுவதையும் தண்ணீர் மாற்றுவதையும் கொடுங்கள், தொட்டியின் சாவி மட்டும் உங்களிடம் இருக்கட்டும்.

இவ்வளவு விஷம் இல்லாத, சின்னப் பாலைவனத் தேரை உண்டா?

செம்புள்ளித் தேரை இருக்கிறது, அனாக்சிரஸ் பங்க்டாடஸ். ஏழரை செ.மீ.க்கு மேல் போகாது, சாம்பல் உடம்பில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி, பாறை இடுக்கில் வாழும், சின்னத் தொட்டி போதும். விஷம் இதற்கும் கொஞ்சம் உண்டு, கை கழுவத்தான் வேண்டும். முதல் தடவை வளர்ப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று கௌச் மண்வெட்டிக்கால் தவளை. பின்னங்காலில் அரிவாள் மாதிரி கறுப்பாக ஒரு கொம்பு இருக்கும், அதை வைத்துப் பின்பக்கமாகச் சுழன்று சுழன்று புதையும். முட்டை பொரிந்து எட்டு ஒன்பது நாளிலேயே குட்டித் தவளையாகிவிடும் அவசரக்காரன். ஆண் கத்தினால் ஆட்டுக்குட்டி கத்துவதுபோலவே இருக்கும், மழை பெய்த ராத்திரி கேட்டால் யார் வீட்டு ஆடு தொலைந்தது என்று தேடுவீர்கள். ஆனால் வளர்ப்பவருக்கு இது மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்காரும் வேலைதான். நம் பெரிய தேரையாவது விளக்கணைத்த பிறகு வெளியே வந்து உட்காரும்.

அலுத்துவிட்டது. திரும்ப வெளியே விட்டுவிடலாமா?

கூடாது. சட்டமும் விடாது, அறிவும் விடாது. உலகம் முழுக்கத் தவளைகளைக் கொன்றுகொண்டிருக்கும் கைட்ரிட் பூஞ்சை வீட்டுத் தொட்டியிலிருந்து ஓடைக்குப் போக ஒரே ஒரு தேரை போதும். தொட்டியின் பழைய மண்ணையும் தண்ணீரையும்கூட ஓடையில் கொட்டாதீர்கள். மாநிலத் துறைக்கோ தவளை வளர்ப்போர் குழுவுக்கோ சொல்லுங்கள், யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

எத்தனை வருஷம் இருக்கும்?

பத்து வருஷம் சாதாரணம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபதைத் தொடலாம். பண்ணையார் எங்களிடம் வந்தபோதே முழுதாக வளர்ந்திருந்தார், என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. இந்த ஆகஸ்டில் அவள் கல்லூரிக்குப் போகிறாள். விடுதியில் தேரை வைத்துக்கொள்ள முடியுமா என்று மின்னஞ்சல் போட்டுக் கேட்டிருக்கிறாள், முடியாது என்று ஒரே வரியில் பதில் வந்துவிட்டது. அவள் கிளம்பிய பிறகு வாராவாரம் கிரிக்கெட் பூச்சி வாங்கப் போவது இனி என் வேலை.